காணாத இடத்தில் நிற்கும் கதிர்
புரோத்தன் சிகிச்சையும் துணிக்கை உணர்கருவிகளும் பற்றிய ஒரு திறனாய்வு

இலக்கிய நூலொன்றைத் திறனாய்வது போல விஞ்ஞானக் கட்டுரையொன்றையும் திறனாயலாமோ என்று சிலர் ஐயுறக்கூடும். காவியத்திற்குச் சுவை உண்டு. சுவைப்போர் கருத்து வேறுபடுவர். ஆதலின் அங்கே விமரிசனத்திற்கு இடமுண்டு. விஞ்ஞானக் கட்டுரையோ அளந்து கண்டதைக் கூறுவது. அது சரியாகும், அன்றேற் பிழையாகும். அதற்குமேற் சொல்ல யாதுளது என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் பொருந்தாது. விஞ்ஞானக் கட்டுரையும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கூறுகின்றது. மற்றொன்றைக் கூறாது விடுகின்றது. கூறியது முற்றும் சரியாயிருப்பினும், கூறாது விட்டது பின்வந்தோர் வழியை எவ்வாறு திருப்பியது என்பதை ஆராய்தல் திறனாய்வாளன் கடனாகும். அத்தகைய ஆராய்ச்சிக்கு மிக ஏற்ற ஒரு சிறு கட்டுரையையும், அதன் வழிவந்த ஒரு பெருந்துறையையும் ஈண்டு நோக்குவாம்.

1946 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பௌதிக அறிஞர் றொபேட் வில்சன் ‘றேடியோலொஜி’ என்னும் மருத்துவச் சஞ்சிகையில் ஐந்து பக்கக் கட்டுரையொன்றை வெளியிட்டார். விரைந்து செல்லும் புரோத்தன்களை நோய்ச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். வில்சன் பேர்க்லியில் ஏணெஸ்ற் லோறன்சிடம் பயின்றவர். போர்க்காலத்தில் லொஸ் அலமொசில் அணுகுண்டு ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். போர் முடிந்ததும் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் புதிய சைக்கிளோத்திரனை அமைக்கும் பணியை ஏற்றவர். பிற்காலத்தில் பேர்மி ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளராய் விளங்கியவர். அவர் மருத்துவரல்லர். ஆயினும் இன்று உலகெங்கும் இயங்கும் புரோத்தன் சிகிச்சை நிலையங்கள் யாவும் இவ்வைந்து பக்கங்களின் வழித்தோன்றல்களே. இந்தியாவில் 2019 ஆம் ஆண்டு சென்னையிலே தொடங்கப்பட்டதும், தென்னாசியாவில் முதலாவது எனப்படுவதுமான நிலையமும் இவ்வழியில் வந்ததேயாகும்.

வில்சனின் கருத்தை விளங்குதற்கு எக்ஸ் கதிரின் இயல்பை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். உயர்சத்தி எக்ஸ் கதிர் உடலினுட் புகுந்து தோலுக்குச் சிறிது உள்ளே தன் உச்ச வலிமையைக் காட்டி, பின்னர் படிப்படியாகத் தேய்ந்து, மறுபுறத்தால் வெளியேறுகின்றது. கட்டி ஆழத்தில் இருப்பின் அதற்கு முன்னுள்ள நல்ல இழையமும் பின்னுள்ள நல்ல இழையமும் கதிரின் தாக்கத்திற்கு ஆளாகின்றன. புரோத்தன் அவ்வாறானதன்று. அது மின்னேற்றம் உடைய பாரமான துணிக்கை. தான் செல்லும் வழியிலுள்ள அணுக்களின் இலத்திரன்களைத் தாக்கி அயனாக்கஞ் செய்து, சிறிது சிறிதாகத் தன் சத்தியை இழக்கின்றது. வேகங் குறையக் குறைய அது ஒவ்வோர் அணுவின் அருகிலும் கூடிய நேரம் தங்குகின்றது. ஆதலின் இழக்கும் சத்தியும் கூடுகின்றது. ஈற்றில், நிற்பதற்குச் சற்று முன்னர், எஞ்சிய சத்தியைப் பெருமளவிற் கொட்டிவிட்டு முற்றாக நின்றுவிடுகின்றது. அதற்கு அப்பால் ஏறத்தாழ ஒன்றுமில்லை. இவ்வியல்பை 1904 ஆம் ஆண்டளவில் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் வில்லியம் பிறாக் என்பார் அல்பாத் துணிக்கைகளிற் கண்டறிந்தார். ஆதலின் அவ்வுச்சம் இன்றும் பிறாக் உச்சம் எனப்படும். 200 மில்லியன் இலத்திரன் உவோற்றுச் சத்தியுடைய புரோத்தன் நீரில் ஏறத்தாழ 26 சதமமீற்றர் செல்லும். 150 உடையது ஏறத்தாழ 16 சதமமீற்றர் செல்லும். சத்தியைத் தெரிந்தெடுப்பது நிற்குமிடத்தைத் தெரிந்தெடுப்பதாகும்.

வில்சனின் கட்டுரைக்கு உரிய சிறப்புக்கள் பல. முதலாவது, அதன் தெளிவு. மருத்துவர்க்காக ஒரு பௌதிகவியலாளர் எழுதிய அக்கட்டுரையில் வேண்டாத கணிதம் இல்லை; வேண்டிய கணிதம் குறைவின்றி உண்டு. இரண்டாவது, அதன் தீர்க்கதரிசனம். உடலளவு ஆழத்துக்குப் புரோத்தனைச் செலுத்தவல்ல ஆர்முடுக்கிகள் அப்போது அமைக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அவை முடிவடையுமுன்னரே அவற்றின் மருத்துவப் பயனை அவர் கண்டார். பிறாக் உச்சம் ஒடுங்கியது, கட்டியோ அகன்றது. ஆதலின் தடிப்பு மாறிச்செல்லும் சுழல்சக்கரம் ஒன்றைக் கதிரின் வழியில் வைத்து உச்சத்தை விரிக்கலாம் என்று அவர் கூறினார். பின்வந்த நிலையங்கள் பல நெடுங்காலம் கையாண்ட முறை இதுவேயாகும். மூன்றாவது, அதன் நேர்மை. ஒரே சத்தியோடு புறப்பட்ட புரோத்தன்கள் யாவும் ஒரே ஆழத்தில் நில்லா என்பதையும், அணுக்கருக்களால் அவை பக்கவாட்டிற் சிதறும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவற்றின் அளவையும் கணித்தார்.

இனி, அக்கட்டுரை கூறாது விட்டதை நோக்குவாம். வில்சன் தம் கணிப்புக்கு எடுத்துக்கொண்ட உடல், நீரின் அடர்த்தியை ஒத்த ஒருசீரான இழையம். கணிப்பைத் தொடங்கும் ஒருவர் அவ்வாறு கொள்வது முறையே. ஆனால் உண்மை மனித உடலில் என்பும் கொழுப்பும் தசையும் காற்றறையும் மாறி மாறி வருகின்றன. காற்றறையைக் கடக்கும் புரோத்தன் தன் சத்தியை ஏறத்தாழ இழப்பதில்லை. அடர்ந்த என்பைக் கடப்பது மிகுதியாக இழக்கின்றது. ஆதலின் குறித்த ஒரு நோயாளியின் உடலிற் புரோத்தன் நிற்குமிடம் அதன் சத்தியை மட்டும் பொறுத்ததன்று. வழியிலுள்ள ஒவ்வொரு மில்லிமீற்றர் இழையத்தையும் பொறுத்தது. புரோத்தனின் குறைகளை எண்ணிக் கணித்த வில்சன் உடலின் வேறுபாட்டைக் கணிக்கவில்லை. கதிரை எங்கும் நிறுத்தலாம் என்று சொன்னார். நின்ற இடம் எதுவென அறியும் வழியை அவர் சொல்லவில்லை.

இக்குறை சிறிதன்று. எக்ஸ் கதிருக்கும் புரோத்தனுக்கும் உள்ள ஆழ்ந்த வேற்றுமை இங்கேதான் தோன்றுகின்றது. எக்ஸ் கதிர் உடலைக் கடந்து வெளியேறுகின்றது. வெளியேறுவதால் நல்ல இழையத்திற்குத் தீங்கு செய்கின்றது. ஆயினும் வெளியே வந்து தான் கண்டதைச் சொல்கின்றது. மறுபுறத்தில் ஓர் உணர்கருவியை வைத்தால் அது சென்ற வழி படமாகின்றது. புரோத்தனோ உள்ளே நின்றுவிடுகின்றது. நிற்பதே அதன் பெருமை. ஆனால் உள்ளே நின்றது வெளியே வந்து எதையும் சொல்லாது. நல்ல இழையத்தைக் காக்கும் அதே குணம் மருத்துவரின் கண்ணையும் மறைத்துவிடுகின்றது. எக்ஸ் கதிரின் ஆழத்தில் சில மில்லிமீற்றர் பிழை நேர்ந்தாற் கட்டி பெறும் அளவு சிறிதே மாறும். புரோத்தனின் வீச்சில் அதே பிழை நேர்ந்தால், குறுகியபோது கட்டியின் ஒரு பகுதி மருந்தே பெறாது. நீண்டபோது பின்னுள்ள மூளைத்தண்டோ முள்ளந்தண்டு நாணோ முழு அளவையும் பெறும்.

தொடக்ககால மருத்துவர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1954 ஆம் ஆண்டிற் பேர்க்லியில் ஜோன் லோறன்சும் கொர்ணேலியஸ் தோபியாசும் முதன்முதலாக மனிதருக்குப் புரோத்தன் சிகிச்சை அளித்தபோது, கபச்சுரப்பியை நோக்கி 340 மில்லியன் இலத்திரன் உவோற்றுக் கதிரைப் பல திசைகளிலிருந்து செலுத்தினர். அக்கதிர் தலையை ஊடுருவி மறுபுறம் வெளியேறியது. அதாவது, வில்சன் போற்றிய பிறாக் உச்சம் முதற் சிகிச்சையிற் பயன்படுத்தப்படவே இல்லை. 1957 இல் சுவீடனின் உப்சாலாவிலும், 1961 இல் ஹாவாட்டிலும் சிகிச்சை தொடங்கிற்று. ஹாவாட் சைக்கிளோத்திரன் 2002 ஆம் ஆண்டு மூடப்படும்வரை ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளருக்குப் பயன்பட்டது. 1990 இற் கலிபோர்ணியாவின் லோமா லிண்டா மருத்துவமனை, ஆழத்திலுள்ள கட்டிகளையும் அடையவல்ல தனக்குரிய ஆர்முடுக்கியுடன் இப்பணியைத் தொடங்கிற்று. அவ்வார்முடுக்கியை அமைத்தது வில்சன் தோற்றுவித்த பேர்மி ஆய்வுகூடமே. ஆர்முடுக்கிகள் வளர்ந்தன; கதிரை வளைத்துச் செலுத்தும் சுழல்தாங்கிகள் வளர்ந்தன; ஊசிமுனை போன்ற கதிரால் கட்டியைப் புள்ளி புள்ளியாய் நிரப்பும் முறையைச் சுவிற்சர்லாந்தின் பவுல் செரர் நிலையம் 1996 இல் நடைமுறைப்படுத்திற்று. செலுத்தும் கை இவ்வாறு வலிமை பெற்றது. பார்க்கும் கண் அவ்வேகத்தில் வளரவில்லை என்பதே எம் முதற் குற்றச்சாட்டு.

கண்ணே இல்லை எனல் பொருந்தாது. எக்ஸ் கதிர்ச் சி.ரி. படம் உண்டு. இன்றைய சிகிச்சைத் திட்டம் யாவும் அதன்மேலேயே எழுகின்றன. ஆனால் அப்படம் சொல்வது எக்ஸ் கதிர் எவ்வளவு தேய்ந்தது என்பதை. மருத்துவருக்கு வேண்டியதோ புரோத்தன் எவ்வளவு சத்தியை இழக்கும் என்பது. முன்னையது இழையத்தின் இலத்திரன் அடர்த்தியோடு அணுவெண்ணையும் வலுவாகப் பொறுத்தது. பின்னையது இலத்திரன் அடர்த்தியோடு அணுக்களை அருட்டுதற்கு வேண்டிய சத்தியைப் பொறுத்தது. ஒரு மொழியில் எழுதியதை வேறொரு மொழிக்குப் பெயர்ப்பது போல, ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஓர் அட்டவணை வேண்டியிருக்கின்றது. இம்மாற்றத்தைச் செம்மைசெய்யும் முறையை 1996 இல் ஊவே சினைடர் முதலியோர் வகுத்தனர். எனினும் பிழை எஞ்சிற்று. பற்களில் உலோகம் நிரப்பப்பட்டிருப்பின் படமே கோடுபட்டுக் கெடும். ஆதலின் நிலையங்கள் பல, வீச்சின் 3.5 சதவீதத்தையும் அதன்மேல் 1 முதல் 3 மில்லிமீற்றரையும் பிழைக்கென ஒதுக்கும் வழக்கத்தைக் கொண்டன.

இவ்வெண்ணின் பொருளை ஒரு கணக்கால் விளக்குவாம். கட்டியொன்றின் முன்விளிம்பு 16 சதமமீற்றர் ஆழத்திலும் பின்விளிம்பு 20 சதமமீற்றர் ஆழத்திலும் உள்ளன எனக் கொள்வோம். பின்விளிம்பில் 3.5 சதவீதம் 7 மில்லிமீற்றர். 1 மில்லிமீற்றரைச் சேர்க்க 8. முன்விளிம்பிலும் அவ்வாறே கணிக்க 6.6. ஆகவே 40 மில்லிமீற்றர் நீளக் கட்டிக்கு ஏறத்தாழ 55 மில்லிமீற்றர் நீளத்திற்குக் கதிர் கொடுக்கப்படுகின்றது. மேலதிகமான 15 மில்லிமீற்றரும் நல்ல இழையம். அங்கே இருப்பது கொழுப்பாயின் கவலையில்லை. ஒரு குழந்தையின் மூளைத்தண்டாயின் மருத்துவர் என் செய்வார்?

அவர் செய்வது சிந்தனைக்குரியது. கதிர் நேரே அவ்வுறுப்பை நோக்கிச் சென்று அதன் வாயிலில் நிற்குமாறு அவர் பெரும்பாலும் அமைப்பதில்லை. கதிரின் பக்க விளிம்பு அவ்வுறுப்பை ஒட்டிச் செல்லுமாறு வேறு திசையைத் தேர்ந்தெடுக்கின்றார். புரோஸ்டேற் சுரப்பிக்கான சிகிச்சை இதற்குச் சிறந்த சான்று. முன்புறத்தாற் செலுத்தினால் வழி குறுகியது. கதிர் சுரப்பியைக் கடந்து நேர்குடலின் முன்னே நிற்கும். ஆனால் ‘நிற்கும்’ என்ற நம்பிக்கை போதாமையால், இடுப்பின் இருபக்கங்களிலுமிருந்து தொடையென்பின் தலைகளை ஊடறுத்து நீண்ட வழியாகக் கதிரைச் செலுத்துவதே வழக்கமாயிற்று. நேர்குடலைக் காப்பது அங்கே கதிரின் நிற்கும் குணமன்று. அதன் பக்க விளிம்பு மட்டுமே. புரோத்தனைத் தேர்ந்தது அது நிற்கும் என்பதற்காக. ஆனால் காக்கவேண்டிய இடத்தில் அந்நிற்றலையே நம்பாது விடுகின்றனர். இம்முரண்பாடே இத்துறையின் உட்புண் எனலாம்.

புரோஸ்டேற் நோயில் எக்ஸ் கதிரையும் புரோத்தனையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்த எழுமாற்றுச் சோதனையொன்றின் முடிவுகள் 2024 இல் வெளிவந்தன. இரண்டு ஆண்டுகளின் பின் இருசாராரின் குடற் செயலிலும் குறிக்கத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இருசாராரும் நலமாகவே இருந்தனர். வீச்சின் ஐயப்பாடு ஒன்றே இதற்குக் காரணம் என்று முடிவுகட்டுதல் நியாயமாகாது. எக்ஸ் கதிர்ச் சிகிச்சையும் இடைக்காலத்தில் மிகத் திருந்தியுள்ளது. ஆயினும் ஒரு கருவியின் தனிக்குணத்தைப் பயன்படுத்தாவிடின் அக்கருவியின் தனிப்பயனையும் எதிர்பார்த்தல் அரிது என்பதை இம்முடிவு நினைவூட்டுகின்றது.

இனி, கண் தேடியோர் வரலாற்றை நோக்குவாம். 1968 இல் ஹாவாட் சைக்கிளோத்திரனில் அன்ட்றியாஸ் கோலர் ஓர் எளிய பரிசோதனை செய்தார். தடித்த அலுமினிய அடுக்கொன்றின் மொத்தத் தடிப்பைப் புரோத்தனின் வீச்சுக்கு மிகக் கிட்ட அமைத்து, அதனிடையே மெல்லிய அலுமினியத் தகடொன்றைக் கொடிவடிவில் வெட்டி வைத்தார். மறுபுறத்திலிருந்த ஒளிப்படத் தகட்டில் அக்கொடி தெளிவாகத் தோன்றிற்று. வீச்சு முடியும் இடத்தில் மிகச் சிறு தடிப்பு வேறுபாடும் பெரும் வேறுபாடாக வெளிப்படும் என்பதே அதன் உட்பொருள். கட்டியைத் தாக்கும் அதே குணம் படமெடுக்கவும் உதவும் என்று அவர் காட்டினார். அலன் கோமாக்கும் இவ்வழியே சிந்தித்தவர். பல திசைகளில் எடுத்த அளவுகளிலிருந்து உள்ளமைப்பை மீட்டெடுக்கும் கணிதத்தை 1963 இல் வெளியிட்டபோதே, அது புரோத்தன் போன்ற துணிக்கைகளின் வீச்சை அறியவும் பயன்படும் என்று குறிப்பிட்டார். 1976 இல் கோலரும் அவரும் சேர்ந்து புரோத்தனால் அத்தகைய படத்தை எடுத்துக் காட்டினர். 1979 இல் கோமாக்குக்கும் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது எக்ஸ் கதிர்ச் சி.ரி. படத்துக்காக. எக்ஸ் கதிர் மலிவானது, விரைவானது, எம்மருத்துவமனையிலும் கிடைப்பது. அதன் வெற்றியின் முன் புரோத்தன் படம் மறக்கப்பட்டது. சிகிச்சையும் படமும் ஒரே கூரையின் கீழ் ஒரே கதிரிலிருந்து பிறந்திருந்தும் ஒன்று வளர்ந்தது, மற்றது தொட்டிலிலேயே கிடந்தது.

மறக்கப்பட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. புரோத்தன் நேர்கோட்டிற் செல்வதில்லை. அணுக்கருக்களாற் சிறிது சிறிதாகச் சிதறி வளைந்து செல்கின்றது. ஆதலின் அதன் படம் மங்கலானது. இக்குறையை நீக்கியது மருத்துவமன்று, துணிக்கைப் பௌதிகம். உடலினுட் புகும் புரோத்தன் ஒவ்வொன்றின் இடத்தையும் திசையையும் முன்னே அளந்து, வெளிவரும்போது மீண்டும் அளந்து, எஞ்சிய சத்தியையும் அளந்தால், அது சென்றிருக்கக்கூடிய மிகப் பொருத்தமான வளைபாதையைக் கணிக்கலாம். லோமா லிண்டாவும் சாந்தா குறூஸ் பல்கலைக்கழகமும் பிறரோடு கூடி இம்முறையில் ஒரு கருவியை அமைத்தன. அதன் சிலிக்கன் தகடுகளில் உணர்கீற்றுக்கள் மில்லிமீற்றரின் நான்கிலொரு பங்கிற்கும் குறைந்த இடைவெளியில் அமைந்துள்ளன. அவற்றின் பின்னே துணிக்கை பட்டதும் மினுங்கும் ஐந்து பிளாத்திக்குக் கட்டைகள் எஞ்சிய சத்தியை அளக்கின்றன. செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன் புரோத்தன்களை அது தனித்தனியே எண்ணும். இங்கிலாந்தின் பிறவ்டா குழு முற்றும் திண்ம நிலை உணர்கருவிகளால் வேறொன்றை அமைத்தது. நோர்வேயின் பேர்கன் குழு, செர்ண் ஆய்வுகூடத்தின் அலிஸ் பரிசோதனைக்கென உருவாக்கப்பட்ட சிலிக்கன் சில்லுகளை அலுமினியத் தகடுகளோடு நாற்பதுக்கு மேற்பட்ட படைகளாக அடுக்குகின்றது. அச்சில்லின் ஒவ்வொரு படப்புள்ளியும் மில்லிமீற்றரின் நூறில் மூன்று பங்களவே அகலமுடையது. பாரமான கருக்களின் மோதலை ஆராயப் பிறந்த சில்லு நோயாளியின் தலைக்குப் பின்னே வந்து நிற்பது விஞ்ஞான வரலாற்றின் இனிய திருப்பங்களுள் ஒன்றாகும்.

இம்முறையின் தலையாய நிறை, அது பெயர்ப்பு வேண்டாத சாட்சி என்பது. வேண்டிய கணியத்தையே, வேண்டிய துணிக்கையாலேயே அளக்கின்றது. ஆனால் குறைகளையும் மறைத்தல் ஆகாது. ஒன்று, படமெடுக்கும் புரோத்தன் உடலைக் கடந்து வெளிவரவேண்டும். 230 மில்லியன் இலத்திரன் உவோற்றின் வீச்சு 33 சதமமீற்றரே. தலைக்கு அது போதும். வளர்ந்தவரின் இடுப்பைப் பக்கவாட்டிற் கடக்கப் பலருக்குப் போதாது. ஆகவே முரண்பாடு மிக்க புரோஸ்டேற் சிகிச்சைக்கே இது பெரிதும் உதவாது. இரண்டு, வேகம். ஒரு நனோ அம்பியர் ஓட்டத்தில் செக்கனுக்கு ஆறு பில்லியனுக்கு மேற்பட்ட புரோத்தன்கள் செல்கின்றன. உணர்கருவி எண்ணவல்லதோ மில்லியன் அளவே. சிகிச்சைக் கதிரை ஆயிரக்கணக்கான மடங்கு மெலிதாக்கினாலன்றிப் படமெடுக்க இயலாது. மூன்று, சான்று. வெளிவந்த ஆய்வுகளிற் பெரும்பாலன நீராலும் பிளாத்திக்காலும் ஆன போலியுடல்களைப் பற்றியவை. உயிருள்ள நோயாளி என்ற வகையில் முதலிற் புரோத்தன் படம் எடுக்கப்பட்டது ஒரு நாய்க்கு. அதுவும் 2004 ஆம் ஆண்டில் வெளியான செய்தி. போலியுடல் மூச்சு விடுவதில்லை, மெலிவதில்லை, அஞ்சுவதில்லை. அங்கே பெற்ற மில்லிமீற்றர் வெற்றியை மருத்துவ வெற்றி என்று பறைசாற்றுதல் மிகையாகும்.

மற்றொரு வழியும் உண்டு. நிற்கும் புரோத்தன் தானாகப் பேசாவிடினும், வழியில் அது மோதிய கருக்கள் பேசுகின்றன. சில கருக்கள் காபன் 11, ஒட்சிசன் 15 முதலான பொசித்திரன் உமிழும் வகைகளாக மாறுகின்றன. முன்னதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 20 நிமிடம்; பின்னதனது 2 நிமிடம். சிகிச்சை முடிந்தபின் நோயாளரைப் பொசித்திரன் படக்கருவியிற் கிடத்தி இவ்வொளிர்வை மசச்சூசெற்ஸ் பொது மருத்துவமனையினர் படமெடுத்து, 2007 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆனால் கருமாற்றத்திற்குக் குறைந்தபட்சச் சத்தி வேண்டியிருப்பதால் ஒளிர்வு வீச்சின் ஈற்றுக்குச் சில மில்லிமீற்றர் முன்னரே முடிந்துவிடும். மேலும் குருதி அவ்வணுக்களை வேறிடம் கொண்டுபோகும். செய்தி வருகின்றது; ஆனால் பிந்தியும் சிதைந்தும் வருகின்றது.

உடனே வரும் செய்தியும் உண்டு. அருட்டப்பட்ட கரு கணப்பொழுதில் காமாக் கதிரை உமிழ்கின்றது. காபனின் கதிர் 4.44, ஒட்சிசனின் கதிர் 6.13 மில்லியன் இலத்திரன் உவோற்று. 2006 இற் கொரிய ஆய்வாளர், இக்கதிர்கள் எழும் ஆழத்திற்கும் புரோத்தனின் வீச்சிற்கும் உள்ள தொடர்பை அளந்து காட்டினர். கத்திமுனை போன்ற பிளவுடைய தங்குதன் தடுப்பின் பின்னே பளிங்குணரிகளை வைத்து அமைத்த கமரா, 2015 இல் ஜேர்மனியின் திறெஸ்டன் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளியின் சிகிச்சையின்போதே பயன்படுத்தப்பட்டது. ஒரு நாள் சிகிச்சைக்கும் மறுநாள் சிகிச்சைக்கும் இடையே வீச்சு எவ்வளவு மாறிற்று என்பதை இரண்டு மில்லிமீற்றர் அளவில் அது காட்டிற்று. வில்சனின் கட்டுரைக்கும் இந்நிகழ்ச்சிக்கும் இடையே அறுபத்தொன்பது ஆண்டுகள்! ஆயினும் இதுவும் நிறைவான கண்ணன்று. ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் காமாக் கதிர்கள் சொற்பம்; நியூத்திரன்கள் இடையே புகுந்து இரைச்சல் செய்யும்; இழையத்தின் காபன், ஒட்சிசன் விகிதமும் கணிப்பைப் பாதிக்கும்.

இரு வழிகளையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். புரோத்தன் படம் சிகிச்சைக்கு முன் நின்று ‘எங்கே நிற்கும்’ என்று சொல்கின்றது. காமாக் கமரா சிகிச்சையின்போது நின்று ‘எங்கே நின்றது’ என்று சொல்கின்றது. முன்னது திட்டம், பின்னது சாட்சி. திட்டம் இன்றிச் சாட்சி மட்டும் இருப்பின் பிழை நேர்ந்த பின்னரே அறிவோம்; சாட்சி இன்றித் திட்டம் மட்டும் இருப்பின் நோயாளி மெலிந்ததையும் குடல் நிரம்பியதையும் அறியோம். ஒன்றை மற்றொன்றுக்குப் போட்டியாக நிறுத்தும் கட்டுரைகள் இவ்வேற்றுமையைக் கவனியாது விடுகின்றன.

எதிர்க்கருத்தினர் கூற்றையும் கேட்டல் வேண்டும். இரு சத்திகளில் எடுக்கும் எக்ஸ் கதிர்ச் சி.ரி. படம் வீச்சின் ஐயப்பாட்டை ஏறத்தாழ இரண்டு சதவீதத்திற்குக் குறைக்கவல்லது. அக்கருவி ஏலவே மருத்துவமனைகளில் உண்டு. ஆதலின் விலையுயர்ந்த புரோத்தன் படம் வேண்டியதில்லை என்பர் அவர். இக்கூற்றில் நியாயம் உண்டு. மருத்துவமனை ஆய்வுகூடமன்று, பத்து நிமிடத்தில் முடியும் பணிக்கு ஒரு நாளைச் செலவிட அங்கே இயலாது. ஆனால் அம்முறையும் பெயர்ப்பே. சிறந்த பெயர்ப்பு எனலாம். சிறந்த பெயர்ப்பையும் மூலத்தோடு ஒருமுறையேனும் ஒத்துப்பார்த்தல் வேண்டும். அன்றாடம் ஒவ்வொரு நோயாளிக்கும் புரோத்தன் படம் எடுக்காவிடினும், எக்ஸ் கதிர்ப் பெயர்ப்பின் உண்மையைச் சோதிக்கும் உரைகல்லாகவேனும் அது ஒவ்வொரு பெருநிலையத்திலும் இருத்தல் தகும் என்பது எம் கருத்து.

முடிவாக, இத்துறையின் உணர்கருவிகளை மதிப்பிட ஓர் அளவுகோலை முன்வைப்பாம். எத்துணை நுண்ணிய படப்புள்ளி, செக்கனுக்கு எத்தனை மில்லியன் துணிக்கை என்பன பௌதிகவியலாளர் பெருமைகொள்ளும் எண்கள், அவை வேண்டியனவே. ஆனால் மருத்துவம் கேட்கும் வினா வேறு. இக்கருவியின் சொல்லை நம்பி மருத்துவர் அந்த எட்டு மில்லிமீற்றரை நான்காக்கத் துணிந்தாரா? மூளைத்தண்டின் வாயிலில் நிற்குமாறு கதிரை நேரே செலுத்தத் துணிந்தாரா? துணிந்தாராயின் கருவி வென்றது. துணியாராயின், அது எவ்வளவு நுண்ணியதாயினும் மருத்துவத்திற்கு அணிகலனே, கருவியன்று.

வில்சனின் கட்டுரை குறையுடையது என்று நாம் கூறியது அதன் பெருமையைக் குறைப்பதற்கன்று. ஐந்து பக்கத்தில் ஒரு துறையைத் தோற்றுவித்தவரிடம் ஆறாவது பக்கத்தையும் கேட்பது பேராசையாகலாம். ஆனால் அவர் எழுதாத ஆறாவது பக்கத்தை எழுதவேண்டிய கடன் பின்வந்தோருக்கு உண்டு. அவர்கள் நெடுங்காலம் முதலைந்து பக்கங்களையே மேலும் மேலும் பெரிதாக்கி எழுதினர். இப்போதுதான் ஆறாவது பக்கம் தொடங்கியுள்ளது. அதனை எழுதுவோருள் மருத்துவரும் உளர், பௌதிகவியலாளரும் உளர், கணிதவியலாளரும் உளர். பௌதிகத்தையும் உயிரியலையும் வெவ்வேறு வகுப்பறைகளிற் கற்று, இரண்டுக்கும் இடையே கதவே இல்லை என்று எண்ணும் எம் மாணவர் இதனைச் சிந்தித்தல் நன்று. அக்கதவு உண்டு, அதன் மறுபுறத்தில் ஒரு நோயாளி காத்திருக்கின்றார்.